பழைய சாமானில் முதல் ரோபோ

இந்த அத்தியாயத்தில் நாம் செய்யப்போவது இரண்டு சக்கர ரோபோ. தானே ஓடும். எதிரே சுவர் வந்தால் நின்று, வேறு பக்கம் திரும்பும். எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதையெல்லாம் நிரல் எழுதி நீங்களே தீர்மானிக்கலாம். எலக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கவும், சால்டரிங் அயனை ஜாக்கிரதையாகக் கையாளவும் தெரிந்தால் போதும்.

எதைப் பழசில் எடுப்பது, எதைப் புதிதாக வாங்குவது என்ற கணக்கில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது. உடம்பு, சக்கரம், சுவிட்ச், வயர், ஸ்க்ரூ எல்லாம் பழசில் தாராளமாகக் கிடைக்கும். மோட்டார் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கட்டுப்பாட்டுப் பலகையையும் பேட்டரியையும் மட்டும் பழசில் தேடாதீர்கள். பலகையில் மிச்சமாகும் காசைவிட வீணாகும் நேரம் அதிகம். பேட்டரியில் தீப்பிடிக்கும் ஆபத்தே உண்டு.

குப்பையில் எதைத் தேடுவது?

2012இல் ஆப்பிரிக்க ரோபாட்டிக்ஸ் நெட்வொர்க் என்ற அமைப்பு ஒரு போட்டி வைத்தது. பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகுவதற்கான ரோபோவை 10 டாலர் செலவில் வடிவமைக்க வேண்டும். கானாவின் அஷேசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அயோர்கோர் கோர்சாவும், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென் கோல்ட்பெர்க்கும் அந்த அமைப்பைத் தொடங்கியவர்கள். பரிசு பெற்றவற்றில் ஒன்று, தாய்லாந்தில் வசித்த தாமஸ் டில்லியின் 'லாலிபாட்'. செலவு 8.96 டாலர்.

டில்லி எடுத்துக்கொண்டது வீடியோ கேம் விளையாடும் ஜாய்ஸ்டிக் ஒன்றை. கை அதிர்வதற்காக அதற்குள் இரண்டு மோட்டார்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை ஓட்டும் சர்க்யூட்டும், கணினியோடு பேசும் யுஎஸ்பி இணைப்பும் இருக்கின்றன. மோட்டார்களில் சக்கரம் மாட்டினார். கட்டைவிரலால் தள்ளும் இரண்டு குச்சிகளின் மேல் ஆளுக்கொரு லாலிபாப்பைப் பொருத்தினார். ரோபோ சுவரில் இடித்ததும் லாலிபாப்பின் கனத்தால் குச்சி முன்னால் சாயும். அதுவே மோதலை உணரும் சென்சார். மூளை வேலையை மேசைமேல் இருக்கும் கணினி பார்த்துக்கொண்டது.

காயலான் கடைக்குப் போகும்போது இந்த லாலிபாட்டை நினைவில் வையுங்கள். அங்கே கிடப்பதன் பெயர் முக்கியமில்லை. அதற்குள் எது சுழல்கிறது, எது நகர்கிறது, எது தொடுதலை உணர்கிறது என்று பாருங்கள்.

*ரிமோட் கார்.* ரிமோட் தொலைந்த கார்கள் அநேகமாக எல்லா வீட்டிலும் கிடக்கும். ஆனால் சாதாரணக் காரில் பின்பக்கத்து ஒரே மோட்டார்தான் இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஓட்டும். நமக்கு இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என்று தனித்தனி மோட்டார் வேண்டும். அதனால் பொம்மை டாங்கி, பொம்மை ஜேசிபி போன்று செயின் சக்கரத்தில் நின்ற இடத்திலேயே திரும்பும் வண்டி கிடைத்தால் விடாதீர்கள். அதற்குள் ஒரே மாதிரியான இரண்டு கியர் மோட்டார்கள் இருக்கும்.

*கணினி டிவிடி டிரைவ்.* தட்டை வெளியே தள்ளும் சிறிய மோட்டார், ரப்பர் பெல்ட், பல்சக்கரங்கள், தட்டு முழுதாக உள்ளே வந்துவிட்டதா என்று பார்க்கும் குட்டி சுவிட்ச் ஆகியவை கிடைக்கும். ஒரே மாடலில் இரண்டு டிரைவ் கிடைத்தால் இரண்டு சம மோட்டார்கள் கிடைத்த மாதிரி. லென்ஸ் உள்ள பகுதிக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். அதிலிருக்கும் லேசர் கண்ணைக் கெடுக்கும்.

*பழைய மவுஸ்.* இதன் பட்டன்களுக்கு அடியில் இருக்கும் மைக்ரோ சுவிட்சுகள் லட்சக்கணக்கான அழுத்தங்களைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. நம் ரோபோவின் பம்பருக்கு இவையே போதும். பந்து உள்ள மிகப் பழைய மவுஸ் கிடைத்தால் முழுசாக எடுத்து வையுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

*அட்டைப்பெட்டி, ரோல்-ஆன் டியோடரன்ட் பாட்டில், பெட் பாட்டில், பஞ்சர் கடையில் கழித்துப்போட்ட சைக்கிள் டியூப்.* இவற்றின் வேலை போகப் போகத் தெரியும்.

தொடக்கூடாதவையும் உண்டு. சுவர் பிளக்கில் நேராகச் செருகும் எதையும் திறக்க வேண்டாம். நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரம் பவர் சப்ளைக்குள் போனதும் ஏறக்குறைய 325 வோல்ட் டிசி ஆகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் அது தங்கியிருக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் பழைய டப்பா டிவியும் இதைவிட மோசம், உயிரே போகலாம். செல் அல்லது அடாப்டரில் ஓடும் சாமான்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உப்பிய மொபைல் பேட்டரியையும், பழைய லேப்டாப் பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் செல்களையும் தொடவே வேண்டாம். அந்தச் செல்களை எடுத்துப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு செல்லையும் அளந்து தரம் பிரிக்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. முதல் ரோபோவுக்கு அது வேண்டாத வேலை.

கடையில் வாங்க வேண்டியவை

1. ஆர்டுயினோ நானோ பலகை. அசல்தான் வேண்டும் என்றில்லை, அதே வடிவில் வரும் மலிவுப் பலகை போதும். இதிலுள்ள ஏடிமெகா328பி சிப் 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. நிரலுக்கு 32 கிலோபைட் இடம். நம் தேவைக்கு இதுவே அதிகம்.
2. எல்298என் மோட்டார் டிரைவர். நானோவின் ஒரு பின் சில பத்து மில்லி ஆம்பியருக்கு மேல் தராது. மோட்டாருக்கோ அதைப்போல் பல மடங்கு வேண்டும். நானோ சொல்வதைக் கேட்டு மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுவதே டிரைவரின் வேலை.
3. எச்சி-எஸ்ஆர்04 தூர சென்சார்.
4. ஆறு ஏஏ செல் பிடிக்கும் பெட்டி, ரீசார்ஜ் ஆகும் ஆறு நிக்கல் செல்கள், ஒரு ஆன்-ஆஃப் சுவிட்ச்.
5. ஜம்பர் வயர்கள், 470 மைக்ரோஃபேரட் 25 வோல்ட் கெபாசிட்டர் ஒன்று, 104 என்று அச்சிட்ட செராமிக் கெபாசிட்டர் இரண்டு.
6. பழசில் சரியான ஜோடி கிடைக்காவிட்டால், பிஓ மோட்டார் இரண்டு, அவற்றுக்கான 65 மி.மீ. சக்கரங்களோடு. மஞ்சள் பெட்டிக்குள் கியர் வைத்து வருவது இது.

சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைவீதிகளில் இவை எல்லாமே கிடைக்கும். முதல் மூன்றும் சேர்ந்து பெரும்பாலும் 500 ரூபாய்க்குச் சற்று முன்பின் வரும். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதாரண செல் இதற்கு உதவாது. மோட்டார் கிளம்பும்போது கேட்கும் கரண்டை அதனால் தர முடியாது; வோல்டேஜ் படுத்துவிடும்.

ஏன் ஆறு செல்? எல்298என் பழைய வடிவமைப்பு. தன் வழியாகப் போகும் மின்சாரத்தில் ஏறக்குறைய 2 வோல்டைத் தானே சூடாக்கித் தின்றுவிடும். நான்கு நிக்கல் செல் போட்டால் 4.8 வோல்ட், டிரைவர் எடுத்துக்கொண்டது போக மோட்டாருக்கு 3 வோல்டுக்கும் குறைவு. ரோபோ முனகும், நகராது. ஆறு செல் என்றால் 7.2 வோல்ட், மோட்டாருக்கு 5 வோல்ட் வரை மிஞ்சும். பிஓ மோட்டார் 3 முதல் 6 வோல்ட் வரை ஓடுவது. கணக்கு சரியாகப் பொருந்துகிறது.

மோட்டாருக்கு ஒரு பரிசோதனை

பழசில் எடுத்த மோட்டாரை அப்படியே பொருத்திவிடக் கூடாது. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவுக்கு மாற்றி, சிவப்பு முனையையும் அதற்குரிய துளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நான்கு செல், மீட்டர், மோட்டார் மூன்றையும் ஒரே வரிசையில் இணையுங்கள். மோட்டார் சும்மா சுற்றும்போது எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அச்சை விரலால் ஒரு நொடி மட்டும் இறுகப் பிடித்து நிறுத்துங்கள். எண் சட்டென்று ஏறும். அதுதான் மோட்டார் கேட்கக்கூடிய உச்ச கரண்ட். அது 1.5 ஆம்பியரைத் தாண்டினால் அந்த மோட்டார் வேண்டாம். எல்298என் ஒரு பக்கத்துக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும். எப்போதும் எல்லையில் ஓட்டினால் டிரைவர் கொதிக்கும்.

அச்சை விரலால் பிடித்த மாத்திரத்தில் மோட்டார் நின்றுவிட்டால், வேகம் இருக்கிறது, இழுவை இல்லை என்று பொருள். கியர் இல்லாத பொம்மை மோட்டார்கள் இப்படித்தான். சக்கரத்தை நேராக மாட்டினால் வண்டி அசையாது. கியர் பெட்டியோடு கழற்றினால் மட்டுமே பயன்.

உடம்பு

தொலைக்காட்சியோ ஃபிரிட்ஜோ வந்த கெட்டி அட்டைப்பெட்டியில் 16 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலத்தில் இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். அட்டைக்குள் அலை அலையாக ஓடும் வரிகளைக் கவனியுங்கள். ஒரு துண்டில் நீளவாக்கிலும் மற்றதில் குறுக்குவாக்கிலும் வரிகள் வரும்படி வெட்டி, மர வேலைக்கான வெள்ளைப் பசை தடவி ஒட்டி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விடுங்கள். காலையில் கையால் வளைத்துப் பாருங்கள். ஒற்றை அட்டையா இது என்று தோன்றும். தகர டப்பாவை உடம்பாக வைக்காதீர்கள். பலகையின் அடிப்பக்கம் பட்டால் ஷார்ட் ஆகும்.

மோட்டார்களைப் பலகையின் அடியில், பின்விளிம்பிலிருந்து 5 செ.மீ. தள்ளி, இருபுறமும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருத்துங்கள். ஒவ்வொரு மோட்டாருக்கும் நான்கு துளையிட்டு இரண்டு கேபிள் டை போட்டு இறுக்கினால் போதும். க்ளூ கன் பசையை மட்டும் நம்பினால் வெயில் நாளில் இளகி, சக்கரம் கோணிக்கொள்ளும். சக்கரம் வாங்கவில்லை என்றால், ஒரே அளவுள்ள இரண்டு ஜாடி மூடிகளின் நட்டநடுவில் துளையிட்டு, சைக்கிள் டியூபில் வளையமாக வெட்டிய ரப்பரை விளிம்பில் மாட்டுங்கள். மொசைக் தரையிலும் வழுக்காது.

முன்னால் மூன்றாவது சக்கரம் எந்தப் பக்கமும் உருள வேண்டும். ரோல்-ஆன் பாட்டிலின் தலைப்பகுதியைப் பந்தோடு அறுத்து எடுத்துக் கழுவுங்கள். தரைக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியை அளந்து, பந்து சரியாகத் தரையைத் தொடும்படி அட்டைத் துண்டுகளை அடுக்கி உயரம் சேர்த்து ஒட்டுங்கள். பிஓ மோட்டாரும் 65 மி.மீ. சக்கரமும் என்றால் இடைவெளி ஏறக்குறைய 43 மி.மீ. இருக்கும். பேட்டரிப் பெட்டியை மோட்டார்களுக்கு நேர் மேலே வையுங்கள். கனம் சக்கரத்தின் மேல் விழுந்தால்தான் பிடிப்பு இருக்கும்.

பம்பருக்கு, பெட் பாட்டிலில் 2 செ.மீ. அகலப் பட்டை ஒன்று வெட்டி, முன்பக்கம் வில்லாக வளைத்து, அதன் இரு முனைகளும் இரண்டு மவுஸ் சுவிட்சுகளின் பட்டனைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி பொருத்துங்கள். சுவிட்சில் மூன்று கால்கள் இருக்கும். மல்டிமீட்டரை பீப் ஒலிக்கு வைத்து, பட்டனை அழுத்தும்போது மட்டும் ஒலிக்கும் இரண்டு கால்களைக் கண்டுபிடித்து அவற்றில் வயர் பற்றவையுங்கள்.

இணைப்பு

- பேட்டரியின் பிளஸ், ஆன்-ஆஃப் சுவிட்ச் வழியாக டிரைவரின் 12வி முனைக்கு. அங்கிருந்தே இன்னொரு வயர் நானோவின் விஐஎன் பின்னுக்கு
- பேட்டரியின் மைனஸ் டிரைவரின் ஜிஎன்டிக்கு. அங்கிருந்து நானோவின் ஜிஎன்டிக்கு
- நானோ டி5 – இஎன்ஏ. டி7, டி8 – ஐஎன்1, ஐஎன்2 (இடது மோட்டார்)
- நானோ டி6 – இஎன்பி. டி9, டி10 – ஐஎன்3, ஐஎன்4 (வலது மோட்டார்)
- நானோ டி11 – சென்சாரின் ட்ரிக். டி12 – எக்கோ. சென்சாருக்கு மின்சாரம் நானோவின் 5வி பின்னிலிருந்து, அதன் மைனஸ் ஜிஎன்டிக்கு
- நானோ டி2, டி3 – இடது, வலது பம்பர் சுவிட்ச். சுவிட்சின் மறு கால் ஜிஎன்டிக்கு

இஎன்ஏ, இஎன்பி பின்களின் மேல் சிறிய கறுப்பு ஜம்பர் மூடி இருக்கும். இரண்டையும் கழற்றுங்கள். கழற்றாவிட்டால் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாது, மோட்டார் எப்போதும் முழு வேகத்திலேயே ஓடும். 12வி முனைக்கு அருகில் இருக்கும் மூன்றாவது ஜம்பரைத் தொட வேண்டாம். டிரைவரின் சொந்தத் தேவைக்கு 5 வோல்ட் தருவது அதுதான்.

104 கெபாசிட்டரை ஒவ்வொரு மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே பற்றவையுங்கள். மோட்டார் எழுப்பும் மின் இரைச்சலை அது விழுங்கும். 470 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் டிரைவரின் 12வி முனைக்கும் ஜிஎன்டிக்கும் இடையில். அதில் கோடு போட்ட பக்கம் மைனஸ். மாற்றி வைத்தால் வெடிக்கும்.

நிரல்

கணினியில் ஆர்டுயினோ ஐடிஇ மென்பொருளை நிறுவுங்கள். மலிவு நானோக்களில் யுஎஸ்பிக்காக சிஎச்340 என்ற சிப் இருக்கும். கணினி பலகையை அடையாளம் காணவில்லை என்றால் அதற்குரிய டிரைவர் மென்பொருளை நிறுவ வேண்டும். அதற்கும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறையப் புழங்குகின்றன. பலகை தெரிகிறது, நிரல் மட்டும் ஏறவில்லை என்றால், பிராசஸர் பட்டியலில் 'ஓல்ட் பூட்லோடர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஐடிஇயில் எழுதும் நிரலுக்கு இரண்டு பகுதிகள். 'செட்டப்' ஒரே ஒரு தடவை ஓடும். 'லூப்' பேட்டரி தீரும்வரை திரும்பத் திரும்ப ஓடும். நம் ரோபோவின் லூப்பைத் தமிழில் எழுதினால் இவ்வளவுதான்:

தூரத்தை அள.
தூரம் 0 என்றால், அதை 400 என்று வைத்துக்கொள்.
பம்பரில் ஏதாவது அழுந்தியிருந்தால்: நில், அரை நொடி பின்னால் போ, அழுந்திய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பு.
இல்லையென்றால், தூரம் 20 செ.மீ.க்குக் குறைவானால்: நில், வலதுபுறம் திரும்பு.
இல்லையென்றால்: முன்னால் போ.

இதன் ஒவ்வொரு வரியையும் தனித்தனிச் செயற்கூறாக எழுதிக்கொள்ளுங்கள். 'முன்னால் போ' என்பதற்கு ஐஎன்1 உயர்வு, ஐஎன்2 தாழ்வு. ஐஎன்3 உயர்வு, ஐஎன்4 தாழ்வு. இஎன்ஏ, இஎன்பி இரண்டிலும் 0 முதல் 255 வரை ஒரு வேக எண். 180இல் தொடங்குங்கள். 'பின்னால் போ' என்பதற்கு உயர்வும் தாழ்வும் இடம் மாறும். திரும்புவதற்கு ஒரு சக்கரம் முன்னால், மற்றது பின்னால். பம்பர் பின்களை 'இன்புட் புல்அப்' என்று அறிவியுங்கள். அப்போது சுவிட்ச் அழுந்தினால் தாழ்வு, விட்டால் உயர்வு.

இரண்டாவது வரி ஏன்? சென்சாரின் ட்ரிக் பின்னை 10 மைக்ரோநொடி உயர்த்தி இறக்கினால், அது நம் காதுக்குக் கேட்காத 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பும். எதிரொலி திரும்பிவரும் நேரம் எக்கோ பின்னில் கிடைக்கும். அந்த மைக்ரோநொடியை 58ஆல் வகுத்தால் தூரம் செ.மீ.யில் வரும். 1160 மைக்ரோநொடி என்றால் 20 செ.மீ. எதிரே ஒன்றுமே இல்லாமல் எதிரொலி வராவிட்டால், 'பல்ஸ்இன்' கட்டளை 0 என்று பதில் சொல்லும். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் மூக்குக்கு முன்னால் சுவர் நிற்கிறது என்று ரோபோ நினைக்கும்; வெட்டவெளியில் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கூடவே, 'பல்ஸ்இன்' கட்டளைக்குக் காத்திருக்கும் நேரமாக 25,000 மைக்ரோநொடி கொடுங்கள். கொடுக்காவிட்டால் எதிரொலி வராதபோது ஒரு நொடி வரைகூடக் காத்திருக்கும். அதற்குள் ரோபோ சுவரில் போய் முட்டும்.

சென்சார் இருக்கும்போது பம்பர் எதற்கு என்று கேட்கலாம். திரைச்சீலையும் கொடியில் தொங்கும் சேலையும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். சாய்வான பரப்பு எதிரொலியை வேறு பக்கம் திருப்பிவிடும். ஒல்லியான நாற்காலிக் கால் பல சமயம் கண்ணில் படாது. சென்சார் கோட்டைவிடுவதைப் பம்பர் பிடிக்கும்.

ஓட்டம், பழுது

முதல் ஓட்டம் தரையில் வேண்டாம். ரோபோவை ஒரு டப்பாவின் மேல் தூக்கி வைத்து, சக்கரங்கள் காற்றில் சுற்றட்டும். கையை முன்னால் நீட்டுங்கள். நிற்க வேண்டும், திரும்பும் பாவனையில் சக்கரங்கள் எதிரெதிராகச் சுற்ற வேண்டும். சரியாக இருந்தால் கீழே இறக்குங்கள்.

*ஒரு சக்கரம் எதிர்த்திசையில் சுற்றுகிறது.* நிரலைத் தொடாதீர்கள். அந்த மோட்டாரின் இரு வயர்களையும் டிரைவரில் இடம் மாற்றுங்கள்.

*நேராகப் போகாமல் ஒரு பக்கம் இழுக்கிறது.* எந்த இரண்டு மோட்டாரும் நூற்றுக்கு நூறு சமமாக இருக்காது. வேகமான பக்கத்தின் வேக எண்ணை ஐந்தைந்தாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

*கிளம்பும் நொடியில் நானோ விளக்கு அணைந்து எரிகிறது.* மோட்டார் இழுக்கும் கரண்டில் பேட்டரி வோல்டேஜ் சரிகிறது. செல்லை சார்ஜ் செய்யுங்கள். கெபாசிட்டர் இணைப்பைச் சரிபாருங்கள். வேகத்தை ஒரேயடியாக 180க்குக் கொண்டுபோகாமல் படிப்படியாக ஏற்றுங்கள்.

*யுஎஸ்பியில் எல்லாம் சரி, பேட்டரியில் கிறுக்குத்தனம்.* நானோவின் ஜிஎன்டியும் டிரைவரின் ஜிஎன்டியும் இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

பயிற்சி

ரோபோவை ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரத்தில் ஓட்டுங்கள். 'இத்தனை மில்லி நொடி முன்னால், இத்தனை மில்லி நொடி வலதுபுறம்' என்று நான்கு தடவை. கிளம்பிய இடத்திலும் முடிந்த இடத்திலும் சாக்பீஸில் குறி போட்டு இடைவெளியை அளந்து எழுதுங்கள். செல் முழு சார்ஜில் இருக்கும்போது ஒரு தடவை, அரை மணி நேரம் ஓட்டிய பிறகு ஒரு தடவை, வழவழப்பான தரையில் ஒரு தடவை, பாயின் மேல் ஒரு தடவை. நான்கு அளவுகளும் நான்கு விதமாக வரும். நிரல் எண்ணுவது நேரத்தை மட்டும்தான். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று அதற்குத் தெரியாது. சுற்று எண்ணுவதற்குத் துளைகளிட்ட சக்கரமும், அதன் குறுக்கே பாயும் அகச்சிவப்பு விளக்கும் அதன் கண்ணும் வேண்டும். பந்து உள்ள மவுஸுக்குள் இவை இரண்டு ஜோடி இருக்கின்றன. அடுத்த அத்தியாயத்தில் அதைத்தான் பிரிக்கப்போகிறோம். இப்போது எழுதிவைத்த நான்கு அளவுகளும் அப்போது தேவைப்படும்.